பானெட் அமரும் இடம்

காரை முழுதாகச் செய்து விற்காமல், சேஸிஸ், பாடி, சஸ்பென்ஷன் முதலியவற்றைப் பாகங்களாகக் கொடுத்து, வாங்குபவரே தம் கொட்டகையில் வைத்துப் பூட்டிக்கொள்ளும்படி விடும் வண்டிக்குக் கிட் கார் என்று பெயர். பிரிட்டனில் 1957இல் காலின் சாப்மன் வெளியிட்ட லோட்டஸ் செவன் இவ்வகையில் மிகவும் பெயர் பெற்றது. முழுக் காருக்கு விற்பனை வரி உண்டு, பாகங்களுக்கு இல்லை என்ற அந்நாட்டு விதி இந்த வழக்கத்தை வளர்த்தது. 1973இல் மதிப்புக் கூட்டு வரி வந்து அந்தச் சலுகை மறைந்த பிறகும், தம் கையால் கார் செய்யும் ஆசை மறையவில்லை. அமெரிக்காவில் புரூஸ் மேயர்ஸ் 1964இல் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் பாகங்களைக் கொண்டு கண்ணாடியிழைப் பாடியுடன் மேயர்ஸ் மேங்ஸ் வண்டியை உருவாக்கினார். கேரல் ஷெல்பியின் 1962ஆம் ஆண்டுக் கோப்ராவை நகலெடுத்த கிட்டுகள் பின்னாளில் பல நாடுகளிலும் பரவின.

இத்தகைய வண்டி ஒன்றைக் கட்டி முடித்தவரிடம் எந்த வேலை அதிக நாள் எடுத்தது என்று கேட்டால், எஞ்சினையோ கியர்பாக்ஸையோ அவர் சொல்வது அரிது. மூடினால் நான்கு பக்கமும் ஒரே இடுக்கோடு, ஒரே மட்டத்தில் பானெட் அமர வேண்டும் என்பதே பலரையும் வாரக்கணக்கில் கட்டிப்போடும் வேலை. தொழிற்சாலைக் காரில் எஃகுத் தகடு பெரும் அழுத்து எந்திரத்தில் வடிவம் பெற்று, பாடி முழுவதும் ஒரு பிடிசட்டத்துக்குள் இறுக்கப்பட்டுப் பற்றவைக்கப்படுவதால், ஒரு காரின் பானெட்டைக் கழற்றி அதே மாதிரியின் இன்னொரு காரில் பூட்டினாலும் சிறு திருத்தத்தோடு பொருந்திவிடும். கிட் காரின் பாடியோ அச்சுக்குள் கையால் கண்ணாடியிழை விரித்து, ரெசின் ஊற்றி, உலரவிட்டு எடுக்கப்படுவது. அதன் ஓரங்கள் கையால் அறுக்கப்படுகின்றன, கீலுக்கான துளைகளை வாங்கியவரே இடுகிறார். ஆகவே பொருத்தம் என்பது கிட்டோடு பெட்டியில் வருவதில்லை, கொட்டகையில்தான் உண்டாக்கப்படுகிறது.

இந்தப் பொருத்தத்தில் ஏற்படும் குறையைக் கண் உடனே பிடித்துவிடுவதற்குக் காரணம் உண்டு. இரண்டு கோடுகள் ஒரே நேரில் இருக்கின்றனவா, சற்று விலகி இருக்கின்றனவா என்று அறியும் திறனில், மனிதக் கண் தனது சாதாரணக் கூர்மையைப் போலப் பல மடங்கு நுட்பமாகச் செயல்படுகிறது. வெர்னியர் கூர்மை எனப்படும் இந்தத் திறன், நல்ல வெளிச்சத்தில் ஏறக்குறைய 5 வில்விகலை அளவிலான விலகலையும் உணரவல்லது. ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கே வில்விகலை என்பதால், 2 மீட்டர் தொலைவில் இது ஒரு மில்லிமீட்டரின் இருபதில் ஒரு பங்குக்குச் சமமாகிறது. இடுக்கு 5 மில்லிமீட்டரா 6 மில்லிமீட்டரா என்பதைக் கண் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை, ஆனால் ஒரு முனையில் 4 ஆகவும் மறுமுனையில் 6 ஆகவும் இருந்தால் அந்தச் சரிவைத் தெருவின் மறுபக்கத்திலிருந்தே கண்டுவிடும். இடுக்கைக் குறுக்குவதற்காகப் பாடுபடுவோர் அதே உழைப்பை அதன் சீர்மைக்குச் செலவிட்டால் வண்டி இன்னும் அழகாக இருக்கும்.

பானெட்டை ஒரு திடப்பொருளாகக் கருதினால் அது ஆறு வகையில் நகரக்கூடியது. முன்பின், இடம்வலம், மேல்கீழ் என மூன்று நேர்நகர்வுகளும், அந்த மூன்று அச்சுகளைச் சுற்றிய மூன்று சுழற்சிகளும் சேர்ந்த இந்த ஆறையும் இயற்பியலார் சுதந்திர இயக்கக்கூறுகள் என்பர். ஒரு பொருள் எப்போதும் ஒரே இடத்தில் வந்து அமர வேண்டுமானால் ஆறும் தடுக்கப்பட வேண்டும், அதோடு ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறைதான் தடுக்கப்பட வேண்டும். ஒரே நகர்வை இரண்டு உறுப்புகள் தடுக்கப் புகுந்தால், அவை இரண்டும் முற்றிலும் ஒத்துப்போகாத வரை ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும், இடையில் உள்ள பொருள் வளையும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பதும், நாற்காலி ஒரு கால் தூக்கி ஆடுவதும் இதனால்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறிவியல் கருவிகள் செய்வதில் இந்த எண்ணத்தை ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்லும் கெல்வின் பிரபுவும் தெளிவாகப் பயன்படுத்தினர். கெல்வினின் அமைப்பில் கருவியின் மூன்று உருண்டைக் கால்களுள் ஒன்று குழியிலும், ஒன்று பள்ளக்கோட்டிலும், ஒன்று வெறும் சமதளத்திலும் அமரும். குழி மூன்று நகர்வுகளையும், பள்ளக்கோடு இரண்டையும், தளம் ஒன்றையும் தடுக்க, மொத்தம் ஆறாகிறது. கருவியை எத்தனை முறை தூக்கி வைத்தாலும் அதே இடத்தில் வந்து அமர்கிறது.

இந்தக் கணக்கைப் பானெட்டுக்குப் போட்டுப் பார்த்தால், சிக்கலின் வேர் கீலில் இருப்பது தெரியவரும். ஆட்டமில்லாத ஒரு கீல் தன் ஊசியைச் சுற்றிய சுழற்சியை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஐந்தையும் தடுக்கிறது. இரண்டு கீல்கள் சேர்ந்து பத்துத் தடைகளை உண்டாக்குகின்றன, தேவையோ ஐந்து. மிகையான ஐந்து தடைகளும், கீல்கள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இம்மி பிசகாமல் இருந்தால் மட்டுமே பொல்லாப்பின்றி அடங்கிக் கிடக்கும். கையால் துளையிட்ட கண்ணாடியிழையில் அந்த இம்மி எப்போதும் பிசகும்.

பிசகு எவ்வளவு பெருகும் என்பதைக் கோப்ரா வடிவ வண்டியை வைத்துக் காணலாம். பானெட் முன்பக்கக் கீலில் தொங்கி, பின்விளிம்பு மேலே எழும் அமைப்பு இவ்வகைக் கிட்டுகளில் உண்டு. கீல்கள் 600 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்க, வலக் கீல் இடக் கீலைவிட 1 மில்லிமீட்டர் முன்னே போய்விட்டதாகக் கொண்டால், பானெட் 600க்கு 1 என்ற கோணத்தில் திரும்பிவிடும். கீலிலிருந்து 1200 மில்லிமீட்டர் தொலைவில் உள்ள பின்விளிம்பு இதனால் 2 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்கிறது. இருபுறமும் 5 ஆக இருக்க வேண்டிய இடுக்கு ஒருபுறம் 7 ஆகவும் மறுபுறம் 3 ஆகவும் மாறி, கண்ணுக்கு 4 மில்லிமீட்டர் வேறுபாடாகத் தெரிகிறது. அளவிடும் இடமும் அளவுகோலும் விலகியிருந்தால் சிறு கோணப் பிழை நீளத்தால் பெருக்கப்படும் என்ற இவ்விதியைக் கருவியியலில் எர்ன்ஸ்ட் ஆபேயின் பெயரால் குறிப்பிடுவர். ஒரு பொருள் எந்த இடத்தில் துல்லியமாக இருக்க வேண்டுமோ, அந்த இடத்துக்கு அருகிலேயே அதைப் பிடிக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படுகிறது. பின்விளிம்பின் இடுக்கு சீராக வேண்டுமானால் பிடிப்பும் பின்விளிம்பில் இருக்க வேண்டும். தொலைவில் இருக்கும் கீலை எவ்வளவு திருகினாலும் அது ஒரு மூலையைத் திருத்தி இன்னொரு மூலையைக் கெடுக்கும்.

லோட்டஸ் செவன் இதற்கு மிக எளிய விடையைக் கண்டது. அதன் அலுமினிய பானெட்டுக்குக் கீலே கிடையாது. முன்விளிம்பு மூக்குக் கூட்டின் மேலும், பின்விளிம்பு கண்ணாடிக்கு முன்னுள்ள பாடியின் ஓரத்தின் மேலும் படிய, பக்கத்துக்கு இரண்டாக இழுத்துப் பூட்டும் கொண்டிகள் அதைக் கீழே இறுக்குகின்றன. கழற்றினால் முழுதாகக் கையில் வந்துவிடும். 1959இல் வெளியான டிரையம்ஃப் ஹெரால்டு வேறு வழியில் சென்றது. சென்னையில் 1960களில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரான அதே வண்டியில், பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே கூடாக முன்னோக்கிக் கவிழும். தனி சேஸிஸ் கொண்டிருந்ததால் பிற்காலப் பிரிட்டிஷ் கிட் கார்கள் பலவற்றுக்கு இவ்வண்டி அடித்தளமாகவும் ஆயிற்று. அவ்வளவு பெரிய கூட்டை முன்னால் உள்ள கீல்களை மட்டும் நம்பி நேராக்க முடியாது என்பதால், பின்பக்கத்தில் ரப்பர் கூம்புகளும் இருபுறமும் இழுக்கும் கொண்டிகளும் வைக்கப்பட்டன. கீல் கூட்டைக் கொண்டுவந்து சேர்க்கும், அதை அமர்த்தும் வேலை கூம்புக்கு உரியது. கிட் கார் கட்டுவோர் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே ஒன்று என்றால், அது இந்த வேலைப் பிரிவினைதான். கீலின் துளையில் வேண்டுமென்றே 1 அல்லது 2 மில்லிமீட்டர் ஆட்டம் விடுவதை அரைகுறை வேலை என்று எண்ணத் தேவையில்லை, மிகையான தடைகளை நீக்கும் முறையான வழி அது.

கூம்புக்கும் ஒரு கணக்கு உண்டு. கூம்பு தன் குழியில் இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டுமானால், அதன் சுவர் நடு அச்சோடு கொள்ளும் கோணம் உராய்வுக் கோணத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். எஃகின்மேல் நைலான் உரசும்போது உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.2 என்பதால் உராய்வுக் கோணம் 11 பாகைக்கு அருகில் வரும். கூம்பின் சுவர் அதன் நடு அச்சோடு 25 பாகை சாய்ந்திருந்தால் நைலான் கூம்பு தடையின்றி அமர்வதோடு, திறக்கும்போது சிக்காமல் விடவும் செய்யும். ரப்பரின் குணகமோ உலர்ந்த நிலையில் 0.8 அளவுக்குப் போகக்கூடியது, கோணம் 39 பாகையை எட்டும். அதே கூம்பை ரப்பரில் செய்தால் பானெட் பாதி வழியில் ஒட்டி நின்றுவிடும். ஒருநாள் இடப்பக்கம் சாய்ந்தும் மறுநாள் வலப்பக்கம் சாய்ந்தும் பானெட் மூடுவதாகச் சொல்லப்படும் குறைக்கு இது ஒரு காரணம். ரப்பர் கூம்பின்மேல் சிலிக்கான் பசையைத் தேய்ப்பது உராய்வைக் குறைக்கும் என்றாலும், பக்கவாட்டுக்கு நைலான் கூம்பு, மேல்கீழுக்கு ரப்பர் கட்டை என்று பிரித்துவிடுவதே நல்லது.

கூம்பும் அதன் குழியும் உண்மையில் தொடுகின்றனவா என்பது பானெட் மூடியிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. இதற்குப் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை விஞ்சிய அளவுகோல் இல்லை. சுண்டைக்காய் அளவுள்ள களிமண் உருண்டை ஒன்றைக் கூம்பின் நுனியிலும், ஒன்றை ஒவ்வொரு ரப்பர் கட்டையின் தலையிலும் வைத்து, களிமண் ஒட்டாதிருக்க எதிர்ப்புறத்தில் மெல்லிய பாலித்தீன் தாளை விரித்து, பானெட்டை வழக்கம்போல் மூடிக் கொண்டிகளைப் பூட்டி, உடனே திறக்க வேண்டும். தட்டையாகிக் கிடக்கும் களிமண்ணைக் கத்தியால் குறுக்கே வெட்டி அதன் தடிப்பை அளந்தால், எந்தக் கட்டை எவ்வளவு எட்டவில்லை என்பது மில்லிமீட்டரில் தெரிந்துவிடும். ஒரு மூலையில் களிமண் காகிதம்போல் நசுங்கி, எதிர்மூலையில் 3 மில்லிமீட்டர் தடிப்போடு நின்றால், பானெட் முக்காலிபோல் மூன்று இடங்களில் மட்டும் உட்கார்ந்து நான்காவதை அந்தரத்தில் விட்டிருக்கிறது என்று பொருள். கூம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் களிமண் வழிக்கப்பட்டிருந்தால், அது ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்தில் உரசிக்கொண்டே இறங்குகிறது.

நான்காவது மூலை அந்தரத்தில் நிற்பதற்குப் பானெட்டோ பாடியின் வாயோ முறுக்கிக்கொண்டிருப்பது காரணமாகலாம், கீலோ ஓரத்து ரப்பர் பட்டையோ அதை விடாமல் பிடிப்பதும் காரணமாகலாம். இவற்றைப் பிரித்தறிய, கீல் போல்ட்டுகளையும் ஓரத்து ரப்பர் பட்டையையும் கழற்றிவிட்டு, பானெட்டை அதன் வாயில் சும்மா படுக்கவைத்துப் பார்த்தால் போதும். தூக்கி நின்ற மூலை இறங்கிவிட்டால் குற்றம் கீலிலோ ரப்பர் பட்டையிலோ இருக்கிறது, அப்படியே நின்றால் பானெட் கூட்டிலோ பாடியின் வாயிலோ இருக்கிறது. இந்தச் சோதனைக்கு முன் வண்டி தன் சொந்தச் சக்கரங்களில், சமதரையில், ரசமட்டம் வைத்துப் பார்த்த நிலையில் நிற்க வேண்டும். கிட் கார்களின் குழாய்ச் சட்டங்கள் தொழிற்சாலைக் காரின் பாடியைப்போல முறுக்கத்தை எதிர்ப்பவை அல்ல. நான்கு ஜாக்கி ஸ்டாண்டுகளில் ஒன்று சற்று உயர்ந்திருந்தாலும் சேஸிஸ் முறுகி, பானெட்டின் வாய் சாய்சதுரமாகத் திரிந்துவிடும். அந்த நிலையில் மணிக்கணக்காகச் சரிசெய்த பொருத்தம் வண்டியை இறக்கியதும் கலைந்துபோகும். எஞ்சின் பூட்டாமல் சரிசெய்த பொருத்தத்துக்கும் அதே கதி நேரும்.

கண்ணாடியிழையின் இயல்பைப் பற்றியும் இங்கே விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது கன அளவில் ஏறக்குறைய 5 முதல் 8 விழுக்காடு வரை சுருங்கும். அச்சிலிருந்து எடுத்த பிறகும் அந்த இறுகல் பல வாரங்கள் மெல்லத் தொடர்வதால், புதிதாக வந்த பாடியை உடனே அறுத்துப் பொருத்துவதைவிடச் சில வாரம் வெயிலும் காற்றும் படவைத்துப் பிறகு தொடுவது மேல். வெப்பத்தில் விரிவதிலும் இது எஃகிலிருந்து வேறுபட்டது. எஃகு ஒரு பாகை வெப்ப உயர்வுக்கு ஒரு மீட்டருக்கு 12 மைக்ரோமீட்டர் நீள, கையால் செய்த கண்ணாடியிழை 25 முதல் 30 மைக்ரோமீட்டர் வரை நீளும். வெயிலில் நிற்கும் கருநிற பானெட் காலைக் குளிரைவிட 50 பாகை கூடச் சூடாவது எளிது என்பதால், 1200 மில்லிமீட்டர் நீளமுள்ள கூடு 1.5 மில்லிமீட்டருக்கும் மேல் நீண்டுவிடும், அதே நீளத்துக்கு எஃகுச் சட்டம் அதே சூட்டில் 0.7 மில்லிமீட்டர்தான் நீளும். மழைக்காலத்தில் மரக்கதவு உப்பி நிலையில் பிடிப்பதுபோல, 2 மில்லிமீட்டர் இடுக்கோடு குளிர்ந்த கொட்டகையில் இழைத்து வைத்த பானெட் நண்பகலில் பெயிண்ட்டை உரித்துக்கொண்டு திறக்கும். 4 முதல் 5 மில்லிமீட்டர் இடுக்கு விடும் அனுபவசாலிகளின் வழக்கத்துக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

இதைவிட நயவஞ்சகமானது ஊர்வு. தாங்கக்கூடிய சுமைதான் என்றாலும் நெடுங்காலம் நீடித்தால் பொருள் மெல்ல மெல்ல வளைந்து அந்த வளைவிலேயே தங்கிவிடுவதை ஊர்வு என்கிறார்கள். சாதாரணப் பாலியெஸ்டர் ரெசின் 60 பாகையைத் தாண்டிய சூட்டில் இளகத் தொடங்குவதால், ஊர்வும் அப்போது விரைவாகிறது. கழற்றிய பானெட்டை ஒரு மூலை ஊன்றச் சுவரில் சாய்த்து ஒரு கோடையைக் கழித்தால், அது முறுக்கிக்கொண்டே திரும்பி வரும். ஓரத்து ரப்பர் பட்டை ஒரு மூலையில் தடித்திருந்தால் அங்கே நாள்தோறும் மேல்நோக்கித் தள்ளித் தள்ளி அம்மூலையைத் தூக்கிவிடும். அதே இயல்பைத் திருத்தத்துக்கும் பயன்படுத்தலாம். தாழ்ந்த மூலையின் கீழ் மரக்கட்டை கொடுத்து, உயர்ந்த மூலையில் மணல் மூட்டை ஏற்றி, வேண்டியதற்குச் சற்று அதிகமாகவே வளைத்து, சூடாக்கி, முழுக்க ஆறும்வரை சுமையை எடுக்காமல் விட்டால் கூடு பெருமளவு திரும்பிவிடும். பிறகு உட்புறத்தில் ஒரு விலா எலும்புபோல் நுரைக்கட்டை வைத்து அதன்மேல் இழை ஒட்டிவிட்டால் வடிவம் நிலைக்கும். தகட்டின் வளைவெதிர்ப்பு தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், 3 மில்லிமீட்டர் கூட்டை 4 ஆக்கினாலே விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடும். திருத்துவதற்கு முன் விலா ஒட்டியவர் முறுக்கலையும் சேர்த்தே நிலைநிறுத்திவிட்டவர் ஆவார்.

கொட்டகையில் சரியாக மூடிய பானெட் சாலையில் தூக்கிக்கொள்வது காற்றின் வேலை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் இயக்க அழுத்தம் சுமார் 460 பாஸ்கல். பானெட்டின் முன்பகுதிக்கு மேலே காற்று விரைந்து வளைவதால் உறிஞ்சலும், ரேடியேட்டர் வழியே புகுந்த காற்றால் உள்ளே அழுத்தமும் சேர்ந்து கூட்டை மேலே தள்ளுகின்றன. ஒரு சதுர மீட்டர் பரப்பில் அந்த அழுத்தத்தில் பாதி மட்டுமே செயல்படுவதாகக் கொண்டாலும் 23 கிலோ எடைக்குச் சமமான தூக்கல் கிடைக்கிறது. வேகத்தின் இருமடிக்கு ஏற்ப இது உயர்வதால் 160 கிலோமீட்டரில் 60 கிலோவை நெருங்கும். தன் எடை 10 கிலோவுக்குள் இருக்கக்கூடிய கண்ணாடியிழை பானெட் இதைத் தானாகத் தாங்காது. ஆகவே ரப்பர் கட்டைகளை மூடிய மட்டத்தைவிட 1 அல்லது 2 மில்லிமீட்டர் உயரமாக வைத்து, கொண்டி அவற்றை அழுத்தியே பூட்டும்படி செய்ய வேண்டும். முன்சுமை எனப்படும் இந்த அழுத்தம் காற்றின் தூக்கலைவிட அதிகமாக உள்ளவரை பானெட் கட்டையை விட்டு எழாது, படபடக்கவும் செய்யாது. வில்லியம் ஜூஸ் 1930களில் விமானங்களின் மூடிகளுக்காகப் பரப்பிய, கால் சுற்றில் பூட்டும் கொண்டி பந்தயக் கார்களிலும் கிட் கார்களிலும் குடியேறியதற்கு, அதன் கம்பி வளைவு இந்த முன்சுமையைத் தானே தந்துவிடுவது ஒரு காரணம். கொண்டியின் பங்கு கீழே இழுப்பதோடு முடிய வேண்டும். பக்கவாட்டிலும் இழுக்கும்படி அது கோணலாகப் பூட்டப்பட்டிருந்தால் கூம்பு செய்த வேலையைக் கொண்டி கெடுத்துவிடும்.

வேலையின் வரிசையும் இந்தக் கணக்குகளிலிருந்தே பிறக்கிறது. கீலை முதலில் பாடியில் இறுக்கி, பிறகு பானெட்டை அதில் தொங்கவிட்டு நேராக்க முயல்வதே புதியவர்களின் இயல்பான போக்கு. மாறாக, பானெட்டை அதன் வாயில் படுக்கவைத்து, நாற்புறமும் 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள மரச்சில்லுகளை இடுக்கில் செருகி, மாஸ்கிங் டேப்பால் அசையாமல் ஒட்டி, விரல் நகத்தால் விளிம்புகளைத் தடவி மட்டம் பார்த்து, அது எங்கே அமர வேண்டுமோ அங்கே அதை முதலில் உறையவைக்க வேண்டும். அதன் பிறகே கூம்புகளையும் கட்டைகளையும் அந்த நிலைக்கு ஏற்பப் பொருத்தி, கடைசியில் கீலை, இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்து, பெரிதாக்கிய துளைகளில் அகன்ற வாஷர் இட்டு, இழுவிசை ஏதுமின்றி இறுக்க வேண்டும். கீல் தகட்டுக்கும் கூட்டுக்கும் இடையே சந்து தெரிந்தால், போல்ட்டை இறுக்கி அதை மூடக் கூடாது. இறுக்கினால் கண்ணாடியிழை வளைந்து அந்த வளைவு மேற்பரப்பில் பள்ளமாகத் தெரியும். சந்தின் தடிப்புக்கு ஷிம் தகடு வெட்டி வைக்க வேண்டும்.

எல்லாம் பொருந்திய பிறகு, ஒவ்வொரு கீல் தகட்டின் வழியாகவும் இரண்டு சிறு துளைகளை இட்டு அவற்றில் இறுக்கமான முளைகளைச் செருகிவிட்டால், எஞ்சின் வேலைக்காகப் பானெட்டைக் கழற்ற நேரும்போது மீண்டும் அளக்கத் தேவையின்றி அது பழைய இடத்துக்கே திரும்பும். இந்த முளைத்துளைகளைப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே இட்டுவிட வேண்டும், விளிம்புகளில் ஏறும் பெயிண்ட்டின் தடிப்பையும் இடுக்கில் முன்கூட்டியே கழித்துக்கொள்ள வேண்டும். முதல் கோடை கடந்ததும் களிமண் உருண்டைகளை இன்னொருமுறை வைத்துப் பார்த்து, ரப்பர் கட்டைகள் அமுங்கிய அளவுக்கு அவற்றின் திருகை அரைச்சுற்றோ கால்சுற்றோ உயர்த்தினால், அதன் பிறகு நெடுநாள் அவற்றைத் தொட வேண்டியிராது.